இடது ஓரம்

வெர்வியேவில் மூன்றாம் மாடி.
சமையல் மேசையின் பிசுக்கைத் துடைத்த பிறகே
கார்டுகளைப் பரப்புவேன்.
ஞாயிறு காலை, பழம்பொருள் சந்தையில்
ஒரு ஷூ பெட்டி நிறைய, பதினைந்து யூரோ.
உள்ளே என்ன இருக்கிறதென்று விற்றவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும் என்பதும் தெரியாது.
இந்த இரண்டு தெரியாதுகளுக்கு நடுவில்தான்
வாடகை கட்டுகிறேன்.

முனை மழுங்கியிருக்கக் கூடாது.
நகக்கீறல் கூடாது.
வெட்டும் கத்தி வழுக்கி
படம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால்
விலையில் பாதி போச்சு.
உருப்பெருக்கியும் நானும்
நள்ளிரவுவரை ஓரங்களை அளந்துகொண்டிருப்போம்.

யோஸ்ட் தெர்விண்ட், எண் எண்பத்தெட்டு.
இரண்டே சீசன் ஓட்டியவன்.
மழை. பிட்டில் நிற்கும் நீலக் கார்.
ஹெல்மெட்டுக்குள் முகம்கூடத் தெரியாது.
ஒரு யூரோவுக்குப் போட்டாலும்
இரண்டு வருஷம் தூங்கும் சரக்கு.

அதை ஒருவர் வாங்கினார்.
அடுத்த வாரம் இன்னொன்று கேட்டார்.
அதற்கடுத்த வாரம்:
'இடது ஓரத்தை மட்டும்
கிட்டத்தில் படமெடுத்து அனுப்புவீர்களா?'
ஒடிலோன் வாத்லே, மால்மெதி.

எனக்கு மூக்கில் வியர்த்தது.
இவருக்கு ஏதோ சேதி கிடைத்திருக்கிறது.
தெர்விண்ட் திரும்பி வருகிறானா?
செத்துப்போனானா?
சாவு நல்ல விலை தரும்,
சொல்லக் கூசினாலும் உண்மை அதுதான்.
மூன்று நாடுகளில் தேடி
கிடைத்த எண்பத்தெட்டையெல்லாம் வளைத்துப் போட்டேன்.
பதினொன்று.
விலையை நாற்பது ஆக்கினேன்.

பேரம் பேசாமல் வாங்கினார்.
பிறகு ஒன்றைத் திருப்பி அனுப்பினார்:
'இது மிக நேராக வெட்டப்பட்டிருக்கிறது.'

பதினைந்து வருஷத் தொழிலில்
இப்படி ஒரு புகார் வந்ததேயில்லை.
கோபத்தோடு, மீதியை எடுத்துக்கொண்டு
நானே காரில் போனேன்.

கதவைத் திறந்தவருக்கு
வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.
காபி கொடுத்தார். சர்க்கரை இல்லை, மன்னிக்கவும் என்றார்.
மேசைமேல் ஆறு தெர்விண்ட்கள்
வரிசையாக.

முதல் கார்டில் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.
அடுத்ததில் அது கையுறை நுனி.
அதற்கடுத்ததில் மணிக்கட்டு,
சக்கரத் துப்பாக்கியின் சிவப்புக் குழாய்.
ஆறாவது, வரிசையிலேயே மோசமான வெட்டு;
நான் ஒரு யூரோவுக்குத் தள்ளிவிட்ட முதல் கார்டு.
அதில் முழங்கை.

'இடது முன்சக்கரம் நான்தான்' என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கொண்டுபோன கார்டுகளை ஒவ்வொன்றாக
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம்.
ஐந்தாவதில்
முழங்கைக்கு மேலே
ஈரச் சட்டையின் மடிப்பு,
ஒரு தாடையின் தொடக்கம்.
இரண்டு மில்லிமீட்டர் மனிதர்.

நாற்பது யூரோ கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்;
மலைச்சாலையில் இறங்கும்போது
இரண்டு முறை அப்படித் தோன்றியது.
பெட்ரோல் போட்டேன்.

இன்று இரவு மிச்சமிருப்பவற்றை அளக்கிறேன்.
ஒன்று மறுபக்கம் சாய்ந்தது.
வலது ஓரத்தில்,
ஜாக்கியின் கைப்பிடியை அழுத்தியபடி
இரண்டு விரல்கள்;
ஒன்றில் பிளாஸ்திரி.

பட்டியலில் ஏற்றுகிறேன்.
நிலை: வெட்டுப் பிழை.
விளக்கம்: வலது ஓரத்தில் ஒருவர் இருக்கிறார்.
விலை என்ற கட்டத்தில்
கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது.